இழை: வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்களின் தூக்கம், கோபம், பணம், துக்கம் (தென்னாப்பிரிக்கா, டர்பன் வட்டாரம்)

நடத்துநர்:

வணக்கம். தனிச் செய்தியில் வரும் கேள்விகளில் ஒரு வகை கூடிக்கொண்டே போகிறது. மறதி நோய் வந்த மாமியார், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த அப்பா, புற்றுநோய் முற்றிய மனைவி என்று யாரையாவது வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் கேட்பவை. நோயைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறார்கள். தங்களைப் பற்றிக் கேட்க இடமில்லாமல் இங்கே வருகிறார்கள். ராத்திரி தூக்கமே இல்லை. கோபத்தில் கை ஓங்கிவிடுகிறது. கூடப்பிறந்தவர்கள் ஜோஹன்னஸ்பர்க்கிலும் ஆக்லாந்திலும் இருந்துகொண்டு போனில் யோசனை மட்டும் சொல்கிறார்கள். முதியோர் இல்லத்தில் சேர்த்தால் சாட்ஸ்வொர்த் முழுக்கப் பேசும். அரசு உதவித்தொகை கொடுக்கும் சாசாவில் ஏதாவது கிடைக்குமா?

"பொறுத்துக்கோ, புண்ணியம்" என்ற பதில் இவர்களுக்கு வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டது. தெரிந்தவர்கள் தெரிந்ததை அளவோடும் காரணத்தோடும் எழுதுங்கள். யார் பெயரும் வேண்டாம், எந்த ஆஸ்பத்திரி மீதும் புகார் வேண்டாம்.

வார்டு_சிஸ்டர்:

தூக்கத்திலிருந்து தொடங்குகிறேன். மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

மொத்தம் எத்தனை மணி நேரம் படுத்தீர்கள் என்பதை விட்டுவிடுங்கள். இடையில் எழாமல் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று பாருங்கள். மணிக்கொரு தரம் எழுந்தால் ஏழு மணி நேரம் படுக்கையில் கிடந்தாலும் ஆழ்ந்த தூக்கம் சேராது. காரணமில்லாத அழுகை, சுள்ளென்று வரும் எரிச்சல், அடுப்பில் வைத்ததை மறப்பது எல்லாம் அதன் பின்னாலேயே வரும். எழாமல் தூங்கும் நாலைந்து மணி நேரம் தினமும் ஒரு முறையாவது வேண்டும். வீட்டில் இன்னொரு பெரியவர் இருந்தால் ராத்திரியை இரண்டாகப் பிரியுங்கள்: 9 முதல் 2 வரை ஒருவர், 2 முதல் 7 வரை மற்றவர். உங்கள் முறை இல்லாதபோது வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுங்கள். நோயாளி பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டு கண்ணை மட்டும் மூடியிருப்பதைத் தூக்கம் என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

தனியாக இருப்பவர்கள் கதவில் காந்த மணி அல்லது படுக்கைக்குப் பக்கத்தில் மிதித்தால் ஒலிக்கும் பாய் வைக்கலாம். அவர் எழுந்தால் அது எழுப்பும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் உடம்பு தூங்கச் சம்மதிக்கும்.

இனி நோயாளி ஏன் எழுகிறார் என்பது. மறதி நோய் என்றாலே ராத்திரி அலைவார்கள் என்று விட்டுவிடக் கூடாது. பாதி நேரம் திருத்தக்கூடிய காரணம் இருக்கும். நீர் மாத்திரையைச் சாயங்காலம் கொடுத்தால் அதன் வேலை ஆறு மணி நேரம் ஓடும், ராத்திரி முழுக்க ஒண்ணுக்குப் போவார். காலை வேளைக்கு மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மலச்சிக்கல், மூட்டு வலி, சிறுநீர்த் தொற்று இந்த மூன்றும் வாய்விட்டுச் சொல்லத் தெரியாத ஆளை எழுப்பிவிடும். பகலில் மூன்று மணி நேரம் சோபாவில் குறட்டை விட்டால் ராத்திரிக்குத் தூக்கம் மிச்சமிருக்காது. மத்தியானத் தூக்கம் அரை மணி நேரம் போதும், அதுவும் 3 மணிக்கு முன். காலையில் அரை மணி நேரம் வெயில் படும் இடத்தில் உட்கார வையுங்கள். தேநீரை மத்தியானத்தோடு நிறுத்துங்கள். பாத்ரூம் வரைக்கும் மங்கலான விளக்கு எரியட்டும்.

கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் தூக்க மருந்தையோ, தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரையையோ சொந்தமாகக் கொடுக்காதீர்கள். மறதி நோய் உள்ளவருக்கு அது குழப்பத்தை ஏற்றும், சிறுநீரைக் கட்டும், விழ வைக்கும்.

இன்னொன்றைப் பெரிய எழுத்தில் படியுங்கள். நேற்று வரை ஒரு மாதிரி இருந்தவர் ஒன்றிரண்டு நாளுக்குள், அல்லது சில மணி நேரத்துக்குள், திடீரென்று குழம்பினால், இல்லாததைப் பார்த்தால், அல்லது எழுப்பினாலும் மந்தமாகக் கிடந்தால், அதை "மறதி முற்றிவிட்டது" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தொற்று, நீர் வற்றுதல், புது மருந்து, சர்க்கரை ஏற்ற இறக்கம் ஏதாவது ஒன்று இருக்கும். அன்றைக்கே காட்ட வேண்டும்.

டோங்காட்_வாசகி:

சிஸ்டர், கோபத்தைப் பற்றியும் எழுதுங்கள். ஒரே கேள்வியை இருபது தடவை கேட்கிறார்கள். நகையைத் திருடிவிட்டாய் என்கிறார்கள். குளிக்க வரமாட்டேன் என்கிறார்கள். அடுத்த நிமிஷம் என்ன செய்வது என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

வார்டு_சிஸ்டர்:

சொல்கிறேன் தங்கச்சி. மூன்றுக்கும் வழி வேறு வேறு.

ஒரே கேள்வி: உங்கள் பதில் அவர் மூளையில் பதிவதில்லை. ஆனால் நீங்கள் சீறிய குரல் கிளப்பிய பயம், எதனால் என்று தெரியாமலே, அவரிடம் தங்கிவிடும். அந்தப் பயம் அடுத்த கேள்வியைக் கொண்டுவரும். அதனால் நீங்கள் அதட்ட அதட்டக் கேள்வி கூடும். பதில் ஐந்தாறு வார்த்தைக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு முறையும் அதே வார்த்தைகள். சொன்ன கையோடு கையில் ஏதாவது கொடுங்கள்: மடிக்கத் துண்டு, உரிக்கப் பட்டாணி, கோக்கப் பூ. "தாத்தா எப்போ வருவார்" என்று இறந்துபோனவரைப் பற்றிக் கேட்டால் செத்த செய்தியைத் தினமும் புதிதாகச் சொல்லி அழவைக்க வேண்டாம். "தாத்தாவை நினைச்சுட்டீங்களா, அவருக்கு என்ன கறி பிடிக்கும்?" என்று பேச்சை அவர் பக்கமே திருப்புங்கள்.

நகை: "நான் எடுக்கலை" என்று வாதாடினால் தோற்றுப்போவீர்கள். நகை காணாமல் போனது அவருக்கு நிஜம். "அய்யோ, வாங்க ரெண்டு பேரும் தேடுவோம்" என்று கூடவே தேடுங்கள். பெரும்பாலும் ஒளித்து வைக்கும் இடங்கள் மூன்று நாலுதான்: தலையணை உறை, அரிசி டப்பா, சாமி மாடம், ரவிக்கை மடிப்பு. அவற்றைக் குறித்து வையுங்கள். உண்மையான தாலிக்கொடியையும் வளையலையும் வங்கிப் பெட்டகத்துக்கு மாற்றிவிட்டு, பார்க்க அதே மாதிரி கவரிங் ஒன்றை வீட்டில் விடுங்கள். இதைக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள், பிறகு உங்கள் மேல் பேச்சு வரக் கூடாது.

குளியல்: முழுக் குளியல் வாரத்துக்கு இரண்டு போதும். மற்ற நாள் முகம், அக்குள், தொடை இடுக்கு, பாதம் துடைத்தால் தோல் கெடாது. தண்ணீரையும் துண்டையும் முதலிலேயே எடுத்து வையுங்கள். அறை சூடாக இருக்கட்டும். நாற்காலியில் உட்கார வைத்து, தோளில் பெரிய துண்டு போர்த்தி, பாதத்திலிருந்து தொடங்குங்கள். தலையில் திடீரென்று தண்ணீர் விழுவதுதான் பலருக்குப் பயம். துண்டை எடுக்காமலே அதன் அடியில் சோப்புப் போட முடியும். "குளிக்கலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்ற பதில் தயாராக இருக்கும். "வெந்நீர் ஆறுது, வாங்கம்மா" என்றால் பாதி பேர் எழுந்து வருவார்கள். கட்டிப் பிடித்து இழுக்கும் கட்டம் வந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஒரு நாள் குளிக்காததால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஈர பாத்ரூமில் இழுபறி நடந்தால் இடுப்பு எலும்பு முறியும்.

கை ஓங்கும் நேரம்: அடுப்பை அணை. அவரை விழாத நாற்காலியில் உட்கார வை. இரண்டு கை தூரம் பின்னால் வா. அறையை விட்டு வெளியே போ. ஐந்து நிமிஷம். குளிர்ந்த தண்ணீரில் முகம், மணிக்கட்டு கழுவு. நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடு. வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால்தான் நெஞ்சுத் துடிப்பு இறங்கும். இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் யோசிக்கிற மூளை கூட இருக்காது. ஒரு வாரத்தில் இரண்டாம் முறை இந்த நிலை வந்தால் உங்கள் பொறுமையில் கோளாறு தேடாதீர்கள். வேலைப் பங்கு தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது, ஆள் சேர்க்க வேண்டும் என்று அர்த்தம்.

ஆலோசகர்_பீனிக்ஸ்:

தாங்கும் அளவை எப்படி அளப்பது என்பதற்கு ஒரு கருவி இருக்கிறது. ஸாரிட் சுமை அளவுகோல் என்பார்கள். 22 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 (ஒருபோதும் இல்லை) முதல் 4 (கிட்டத்தட்ட எப்போதும்) வரை மதிப்பெண், மொத்தம் 88. 20 வரை சுமை குறைவு, 21 முதல் 40 வரை லேசிலிருந்து நடுத்தரம், 41 முதல் 60 வரை நடுத்தரத்திலிருந்து கடுமை, 61 முதல் 88 வரை மிகக் கடுமை. மாதம் ஒரு முறை போட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். ஒற்றை எண்ணைவிட ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் பேசும். டாக்டரிடம் "ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்றால் தலையாட்டி அனுப்பிவிடக்கூடும். "மூன்று மாதத்தில் 34லிருந்து 52 ஆகியிருக்கிறது" என்றால் உட்கார வைத்துப் பேசுவார்.

மனச்சோர்வுக்கு இன்னும் சின்ன சோதனை. கடந்த இரண்டு வாரத்தில், செய்கிற எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் போனது எத்தனை நாள்? மனம் தளர்ந்து நம்பிக்கையற்று இருந்தது எத்தனை நாள்? இல்லவே இல்லை 0, சில நாள் 1, பாதிக்கு மேற்பட்ட நாள் 2, அநேகமாகத் தினமும் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் கிளினிக் போங்கள். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லாதவர்களுக்கு அரசு கிளினிக்கில் ஆரம்ப சுகாதார சேவை இலவசம். போகும்போது நோயாளியைக் கூட்டிப் போகாதீர்கள். போனால் பேச்சு முழுக்க அவரைப் பற்றியே போய்விடும்.

மருந்து எழுதிக் கொடுத்தால் அது வேலையைத் தொடங்கவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். "ஒரு வாரம் போட்டேன், ஒன்றுமில்லை" என்று நிறுத்துவது அடிக்கடி நடக்கிறது. நன்றாக ஆன பிறகும் டாக்டரிடம் சொல்லாமல் சட்டென்று நிறுத்தக் கூடாது.

செத்துப் போனால் தேவலை, அல்லது இரண்டு பேரும் சேர்ந்து போய்விடலாம் என்ற எண்ணம் வந்தால் விடியும் வரை காத்திருக்காதீர்கள். சாடாக் என்ற மனநல அமைப்பு நடத்தும் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். வீட்டில் உள்ள மாத்திரைகளை அன்றைக்கே பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.

இது மனசோடு நிற்கிற விஷயமும் இல்லை. 1999இல் ஜாமா மருத்துவ இதழில் ஷுல்ஸ், பீச் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், துணையைப் பார்த்துக்கொண்டு அதில் நெருக்கடியும் அனுபவித்த முதியவர்களின் மரண அபாயம், அந்தப் பொறுப்பு இல்லாதவர்களைவிட நான்கு ஆண்டில் 63 விழுக்காடு அதிகம் என்று கண்டார்கள். நம் வீடுகளில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சகஜம். அம்மாவின் மாத்திரைப் பெட்டி நிரம்பியிருக்கும், மகளுடைய மாத்திரை தீர்ந்து மாதம் ஆகியிருக்கும். நிலையான நோய்க்கு மாத்திரை வாங்குகிறவர்கள் சி.சி.எம்.டி.டி. திட்டத்தில் பதியச் சொல்லிக் கேளுங்கள். வீட்டுக்குப் பக்கத்து மருந்துக் கடையிலேயே எடுத்துக்கொள்ளலாம், கிளினிக் வரிசை மிச்சம். பதியும்போதே உங்களுக்குப் பதில் வேறொருவர் வாங்க முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள்.

ஜோபர்க்_தம்பி:

தூரத்தில் இருப்பவர்கள் பக்கமும் கொஞ்சம் பேசுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லு அக்கா" என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்" என்கிறார்கள். பிறகு நாங்கள் கவனிக்கவில்லை என்கிறார்கள்.

ஆலோசகர்_பீனிக்ஸ்:

தம்பி, "ஏதாவது வேணுமா" என்ற கேள்விக்குப் பதில் சொல்வதே அவர்களுக்கு இன்னொரு வேலை. என்ன வேண்டும் என்று யோசித்து, கேட்கக் கூச்சப்பட்டு, ஏற்பாடும் செய்ய வேண்டும். நீங்களே ஒரு வேலையைப் பெயர் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். "இந்த மாதத்திலிருந்து நாப்பி (பெரியவர்களுக்கான டயபர்) என் செலவு, ஆன்லைனில் வீட்டுக்கே அனுப்புகிறேன். என்ன அளவு, ஒரு நாளைக்கு எத்தனை?" என்று கேட்டால் பதில் வரும். மெடிக்கல் எய்ட் கோரிக்கைகள், அப்பாயின்ட்மென்ட் போன்கள், முனிசிபல் பில், எல்லாம் தூரத்திலிருந்தே செய்யலாம். வருஷத்துக்கு இரண்டு முறை லீவு போட்டு வந்து, அக்காவை வீட்டை விட்டு அனுப்பிவிட்டு, ஒரு வாரம் தனியாகப் பாருங்கள். அந்த வாரத்துக்குப் பிறகு போனில் கொடுக்கும் யோசனைகளும் மாறும்.

குடும்பக் கூட்டம் போடுகிறவர்களுக்கு: ஒரு தாளில் ஏழு நாள், ஒவ்வொரு நாளும் காலை, மத்தியானம், சாயங்காலம், ராத்திரி என்று 28 கட்டம் வரையுங்கள். இப்போது யார் எந்தக் கட்டத்தில் இருக்கிறார் என்று பெயர் எழுதுங்கள். வாதமே தேவையில்லை. 28இல் 26 ஒரே பெயர் என்பது தாளில் தெரிந்துவிடும். அதன் பிறகு ஒவ்வொருவரும் ஒரு கட்டம் எடுக்க வேண்டும், வர முடியாதவர் ஒரு கட்டத்துக்கு ஆள் வைக்கும் பணம் கட்ட வேண்டும். பழைய சண்டைகளையும் வீட்டுப் பத்திரத்தையும் அந்தக் கூட்டத்தில் எடுக்கக் கூடாது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இது உடைவது பெரும்பாலும் மூன்றாம் வாரத்தில்: ஒருவர் வரமாட்டார், "பரவாயில்லை, நானே பார்த்துக்கறேன்" என்று பழையபடி ஆகிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் மாற்று ஆள் பெயரும் தாளில் இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நிலவரம் சொல்லிக் களைத்துப் போகாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே குரல் செய்தி, எல்லோருக்கும் ஒன்று.

கோயில்_கமிட்டி:

எல்லாம் சரி. ஆனால் தாய் தகப்பனைப் பார்ப்பது நம் கடமை. இதைச் சுமை என்று எண் போட்டு அளப்பதே எனக்கு ஒப்பவில்லை. நம் பாட்டன் பாட்டி கரும்புக் காட்டில் பாடுபட்டுவிட்டு வந்து வீட்டுக் கிழவிகளையும் பார்க்கவில்லையா?

ஆலோசகர்_பீனிக்ஸ்:

அண்ணா, கடமை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அன்று அந்தக் கடமையை எத்தனை கைகள் சேர்ந்து செய்தன என்று பாருங்கள். ஒரே கூரையின் கீழ் மூன்று மருமகள்கள், அத்தை, சித்தி, பக்கத்து வீட்டு ஆயா (பாட்டி). இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழு வாரிப் பகுதிச் சட்டம் 1950இல் வந்து, கேட்டோ மேனரிலிருந்து குடும்பங்களைப் பெயர்த்து சாட்ஸ்வொர்த்திலும் பிறகு பீனிக்ஸிலும் சின்னச் சின்ன வீடுகளில் போட்டபோது அந்தக் கூட்டுக் குடும்பங்கள் பல சிதறின. அடுத்த தலைமுறை வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போனது. பத்துக் கை சேர்ந்து செய்த கடமை இன்றைக்கு ஒரே பெண்ணின் தோளில் இருக்கிறது, பல வீடுகளில் வேலைக்கும் போய்வருகிற பெண்ணின் தோளில். எண் போட்டு அளப்பது அவள் அன்பை அளக்க அல்ல. இன்னும் எத்தனை கை வேண்டும் என்று தெரிந்துகொள்ள.

கோயில்_கமிட்டி:

நியாயம். அப்படியென்றால் கோயில் பக்கத்திலிருந்து என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். ஆட்கள் இருக்கிறார்கள். காவடிக்குச் சமைக்கிற கூட்டம் வருஷம் முழுக்க சும்மாதான் இருக்கிறது.

ஆலோசகர்_பீனிக்ஸ்:

சாப்பாடு கொண்டு போவதைவிட நேரம் கொடுப்பது பெரிய உதவி. "உட்கார ஆள்" திட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: வாரம் ஒரு நாள், அதே கிழமை, அதே இரண்டு மணி நேரம், இரண்டு தொண்டர்கள் சேர்ந்து ஒரு வீட்டுக்குப் போய் நோயாளியோடு உட்கார்ந்திருப்பது. பார்த்துக்கொள்கிறவர் அந்த நேரத்தில் வெளியே போய்விட வேண்டும். வீட்டிலேயே இருந்தால் தொண்டருக்குத் தேநீர் போட ஆரம்பித்துவிடுவார்.

விதிகள் கறாராக இருக்கட்டும். தொண்டர் மருந்து கொடுக்கக் கூடாது. பணம், வங்கி அட்டை, பென்ஷன் எதையும் தொடக் கூடாது. தனியாக ஒருவர் போகக் கூடாது. போலீஸ் கிளியரன்ஸ் சான்று இல்லாமல் யாரும் வேண்டாம். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கதவில் ஒட்டியிருக்க வேண்டும். முதல் இரண்டு முறை பார்த்துக்கொள்கிறவர் கூடவே இருந்து காட்டிக் கொடுக்கட்டும். பத்து வீட்டில் தொடங்கி மூன்றாம் மாதம் நிறுத்துவதைவிட இரண்டு வீட்டில் தொடங்கி வருஷம் முழுக்கப் போவது மேல். வரும் என்று நம்பி வராத உதவி, முதலிலேயே இல்லாத உதவியைவிட அதிகம் நோகடிக்கும்.

சட்டக்குறிப்பு:

பணமும் சட்டமும். சுருக்கமாக.

சாசா: முதியோர் பென்ஷனோ ஊனமுற்றோர் உதவியோ வாங்குகிறவருக்கு இன்னொருவரின் முழு நேரப் பராமரிப்பு தேவைப்பட்டால், அதன் மேல் கூடுதலாக 'கிராண்ட் இன் எய்ட்' உண்டு. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அடையாள அட்டையும், முழு நேரக் கவனிப்பு தேவை என்று சொல்லும் மருத்துவ அறிக்கையும் வேண்டும். அறிக்கை மூன்று மாதத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது. பணம் நோயாளியின் பெயரில்தான் வரும், பார்த்துக்கொள்கிறவர் பெயரில் வராது. அரசு நடத்தும் அல்லது அரசு மானியம் பெறும் இல்லத்தில் இருப்பவருக்குக் கிடையாது. தொகை சின்னதுதான், ஆனால் மாதா மாதம் நாப்பிச் செலவில் ஒரு பங்கைத் தாங்கும். விண்ணப்பம் இலவசம், காசு கேட்கும் தரகரை நம்பாதீர்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள், 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 18 வயதுக்குக் கீழ் கடுமையான குறைபாடுள்ள பிள்ளைக்கு 'கேர் டிபெண்டன்சி கிராண்ட்' என்று தனியாக இருக்கிறது.

பவர் ஆஃப் அட்டர்னி: இதில்தான் குடும்பங்கள் அதிகம் அடிபடுகின்றன. தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, கொடுத்தவர் புத்தித் தெளிவை இழந்ததும் அந்தப் பத்திரம் செல்லாது. "அப்பா அஞ்சு வருஷத்துக்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார்" என்பது மறதி நோய் முற்றிய பிறகு உதவாது. பிறகு உள்ள வழிகள்: 2002ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்ற மாஸ்டர் என்ற அதிகாரியிடம் விண்ணப்பித்து நிர்வாகி ஒருவரை நியமிப்பது, அல்லது நீதிமன்றம் வழியாகக் கியூரேட்டர் என்ற பொறுப்பாளரை நியமிப்பது. பின்னது செலவு அதிகம். நோய் கண்டுபிடித்த ஆரம்பத்திலேயே, அவருக்குத் தெளிவு இருக்கும்போதே, உயில், பயனாளி பெயர்கள், வீட்டுக் கணக்கு, வேண்டுமென்றால் டிரஸ்ட், எல்லாம் முடித்துவிடுங்கள். இதை எழுதுவது பணத்துக்காக மட்டும் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சைப் பிடிக்கிற கவலைகளில் பாதி இந்தக் காகிதங்கள்தான்.

வேலை: சட்டத்தில் உள்ள மூன்று நாள் குடும்பப் பொறுப்பு லீவு பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோதும், நெருங்கிய உறவினர் இறந்தபோதும்தான். பெற்றோர் நோயுற்றால் அது பொருந்தாது. உங்கள் கம்பெனி ஒப்பந்தம் கூடுதலாகத் தரக்கூடும், படித்துப் பாருங்கள். ஆனால் உங்களுக்கே மனச்சோர்வு என்று டாக்டர் சான்று கொடுத்தால் அது உங்கள் சொந்த நோய் லீவு. வெட்கப்பட்டு ஆண்டு லீவைக் கரைக்க வேண்டாம்.

டோங்காட்_வாசகி:

வீட்டுக்கு ஆள் வைக்கலாம் என்றால் எப்படித் தேர்ந்தெடுப்பது?

வார்டு_சிஸ்டர்:

முதலில் என்ன வேலை என்று பாருங்கள். குளிப்பாட்ட, ஊட்ட, நடத்த, பேச்சுத் துணைக்கு என்றால் பயிற்சி பெற்ற கேர்கிவர் போதும். புண்ணுக்குக் கட்டு, சிறுநீர்க் குழாய், இன்சுலின் என்றால் செவிலியர் மன்றத்தில் பதிந்தவர் வேண்டும். மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைச் சரிபார்க்கலாம். 'நர்ஸ்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் எல்லோரும் நர்ஸ் இல்லை. மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் நீங்களே நேரடியாக வைத்தால் யு.ஐ.எஃப். (வேலையின்மைக் காப்பீடு) கட்ட வேண்டும், உங்கள் பங்கு 1 விழுக்காடு, அவர் பங்கு 1 விழுக்காடு.

வரும் ஆள் பெரும்பாலும் ஜூலு பேசுகிறவராக இருப்பார், உங்களோடு ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார். ஆனால் மறதி நோய் முற்ற முற்ற, பின்னால் கற்ற மொழி முதலில் போகும். சின்ன வயதில் வீட்டில் தமிழ் பேசிய ஆயா ஒரு நாள் "வலிக்குது", "தாகம்", "ஒண்ணுக்கு வருது" என்று மட்டுமே சொல்வார். வந்தவருக்குப் புரியாது, அவர் கத்துவார், "அடங்காத கிழவி" என்று பெயர் வரும். இருபது சொல்லை ஆங்கில எழுத்தில் உச்சரிப்போடு எழுதி, பக்கத்தில் பொருளும் எழுதி, கட்டிலுக்கு மேல் ஒட்டுங்கள். எப்படிக் கூப்பிட்டால் திரும்புவார் என்பதையும் சேருங்கள். பலர் பெயரைவிட 'அம்மா' என்றால்தான் திரும்புவார்கள்.

முதல் வாரம் நீங்களும் கூட இருங்கள். இரண்டாம் வாரம் வெளியே போய்ப் பழகுங்கள். போகாவிட்டால் காசு கொடுத்து ஒரு பார்வையாளரைச் சேர்த்துக்கொண்டதாக ஆகும்.

மெரேபேங்க்_வாசகர்:

மனைவியைப் பார்த்துக்கொள்கிற ஆண்களுக்கு?

ஆலோசகர்_பீனிக்ஸ்:

மேலே சொன்னது எல்லாம் பொருந்தும் ஐயா. கூடுதலாக ஒன்று: பெண்களை அக்கம்பக்கம் வந்து விசாரிக்கும், ஆண்களை "நல்லா பார்த்துக்கறார்" என்று பாராட்டிவிட்டுத் தூர நிற்கும். மனைவியின் உடல் சுத்தம், உள்ளாடை, மாதவிடாய் நின்ற பிறகு வரும் தொற்று இவற்றைக் கேட்க வெட்கப்படாதீர்கள், கிளினிக் சிஸ்டர் சொல்லிக் கொடுப்பார். சமையல் தெரியாவிட்டால் முதலில் கற்க வேண்டியது நாலு சாப்பாடு: கஞ்சி, பருப்பு, மசித்த காய், முட்டை.

பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேத்தி ஆயாவுக்குப் பாட்டுப் போடலாம், தலை வாரலாம். ராத்திரி முறை, மலஜலம் துடைப்பது, மாத்திரை எண்ணிக் கொடுப்பது பிள்ளைகள் வேலை இல்லை.

டோங்காட்_வாசகி:

இல்லத்தில் சேர்ப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. பயமா?

ஆலோசகர்_பீனிக்ஸ்:

பயமில்லை அம்மா. ராத்திரியும் பகலும் இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய நிலை, அடிக்கடி விழுவது, அடிப்பது, வீட்டை விட்டுப் போய்விடுவது, அல்லது பார்த்துக்கொள்கிறவரே நோயாளி ஆவது. இவற்றில் ஒன்று வந்தால் யோசிக்க வேண்டும். டர்பனில் டாஃப்டா, சாட்ஸ்வொர்த்தில் ஆர்யன் பெனவலன்ட் ஹோம் போன்ற பழைய அமைப்புகள் உண்டு. இடம் உடனே கிடைக்காது, வேண்டியபோது தேடாமல் முன்பே பெயர் கொடுத்து வையுங்கள். மானியம் பெறும் இல்லத்தில் முழுப் பராமரிப்புப் பிரிவுக்கு டி.க்யூ.98 என்ற மதிப்பீட்டுப் படிவம் கேட்பார்கள், சமூகப் பணியாளர் உதவுவார். 2006ஆம் ஆண்டு முதியோர் சட்டப்படி, தெளிவு உள்ளவரை அவர் சம்மதமில்லாமல் சேர்க்கக் கூடாது.

பார்க்கப் போகும்போது காலை பத்து மணிக்குப் போகாதீர்கள். சாயங்காலச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாமல் போங்கள். ஊட்ட வேண்டியவருக்கு யார் ஊட்டுகிறார், மூத்திர வாடை அடிக்கிறதா, மணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள், ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர் என்று பாருங்கள், கேளுங்கள். புரட்டாசியில் சைவச் சாப்பாடு தருவார்களா என்பதையும் கேளுங்கள். அது சின்ன விஷயம் இல்லை. அறுபது வருஷம் புரட்டாசி பிடித்தவர் தட்டில் கோழி வந்தால் சாப்பிடாமல் கிடப்பார்.

சேர்த்த பிறகு முதல் சில வாரம் இரண்டு பக்கமும் அழுகைதான். உங்கள் வேலை முடிந்துவிடாது, மாறும். குளிப்பாட்டுவது போய், பக்கத்தில் உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். பல தாய் மகள் உறவு அங்கேதான் திரும்ப ஒட்டுகிறது.

வார்டு_சிஸ்டர்:

துக்கத்தைப் பற்றி நான் சேர்க்கிறேன். ஆள் உயிரோடு இருக்கும்போதே வரும் துக்கம் ஒன்று உண்டு. உட்கார்ந்திருப்பது அம்மாதான், ஆனால் உன்னை யார் என்று கேட்கிறாள். பாலின் பாஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதை எல்லை தெரியாத இழப்பு என்று விளக்கினார். செத்திருந்தால் ஊர் கூடி அழும், பதினாறாம் நாள் சடங்கு இருக்கும். இதற்குச் சடங்கு இல்லை, அதனால் அழுகிறவர் தனக்கு ஏதோ கோளாறு என்று நினைக்கிறார். கோளாறு இல்லை. "சீக்கிரம் முடிந்தால் நல்லது" என்ற எண்ணம் எழுவதும் இதில் சேர்ந்தது. அது வெறுப்பு அல்ல, அவர் படும் வேதனையைப் பார்க்க முடியாத களைப்பு.

குணமாகாத நோய் என்று தெரிந்ததும், வலி தணித்துக் கடைசிக் காலத்தில் துணை நிற்கும் ஹாஸ்பிஸை அழையுங்கள், கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். டர்பனில் ஹைவே ஹாஸ்பிஸ் இருக்கிறது. வலிக்கு மார்ஃபின் தொடங்கினால் அன்றைக்கே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் மலச்சிக்கல் வலியைவிடப் பெரிய தொல்லை ஆகும்.

இறந்த பிறகு பதினாறாம் நாள் வரை வீடு நிறைய ஆள். பதினேழாம் நாள் வெறும் வீடு. ராத்திரி 2 மணிக்கு அவரைத் திருப்பிப் படுக்க வைத்த உடம்பு அதே நேரத்துக்கு விழிக்கும். அது மாதக்கணக்கில் போகும். அந்தக் காலத்துக்குத்தான் ஆள் வேண்டும்: மூன்று மாதம், வாரம் ஒரு முறை கூப்பிடுவேன் என்று ஒருவர் பொறுப்பு எடுங்கள். கட்டிலையும் சக்கர நாற்காலியையும் மறு நாளே தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம், அவர் சொல்லும்போது எடுங்கள். மீந்த மருந்துகளை, முக்கியமாக மார்ஃபினை, மருந்துக் கடையில் திருப்பிக் கொடுங்கள், குப்பையிலோ கழிவறையிலோ போடாதீர்கள். ஆறு மாதம் தாண்டியும் அன்றாட வேலை ஓடாத அளவுக்குத் துக்கம் அப்படியே கனத்து நின்றால் சிகிச்சை உண்டு, கேளுங்கள்.

கோயில்_கமிட்டி:

'உட்கார ஆள்' விதிகளைக் கமிட்டியில் வைத்துப் பேசுகிறோம். முதலில் இரண்டு வீடு, புதன்கிழமை மத்தியானம் 2 முதல் 4 வரை என்று யோசனை. தொண்டர்கள் வெள்ளிக்கிழமை பூஜைப் பிரசாதம் எடுத்து வைத்துக் கொண்டு போகலாம் அல்லவா?

வார்டு_சிஸ்டர்:

விபூதி, குங்குமம் கொண்டு போங்கள் அண்ணா. சாப்பிடும் பிரசாதத்தை வீட்டுக்காரர் கையில் கொடுங்கள், நோயாளி வாயில் வேண்டாம். பக்கவாதமோ முற்றிய மறதி நோயோ உள்ள பலருக்கு விழுங்குவதில் குறை இருக்கும். சுண்டலும் தேங்காய்ச் சில்லும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், வெறும் தண்ணீர்கூடப் புரையேறி நெஞ்சுச் சளியில் கொண்டுவிடும். நிமிர்ந்து உட்கார்ந்தால் மட்டும், கெட்டியாகக் கரைத்தது மட்டும் என்று அவரவருக்கு விதி வேறு. முதல் நாளே வீட்டுக்காரரிடம் கேட்டு, அந்த விதியையும் கதவில் ஒட்டிய தாளில் எழுதிவிடுங்கள். வெள்ளிக்கிழமைச் சுண்டல் புதன் வரை ஃப்ரிட்ஜில் இருந்தாலும் கெட்டுப்போகும், அதை யாருக்குமே கொடுக்க வேண்டாம்.